1938-க்குப் பிறகு ஜெராக்ஸ் மிஷினுக்குள் என்னதான் மாறியது?

கேள்வி இது: "ஜெராக்ஸ் எடுக்கும் முறையை 1938-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். லேசர் பிரிண்டரும் அதே முறையில்தான் ஓடுகிறது. அப்படியிருக்க, இத்தனை கம்பெனிகள் இத்தனை காலமாக இதில் புதிது புதிதாகக் காப்புரிமை வாங்குவது எதற்கு? அவற்றில் மிஷினை உண்மையிலேயே மாற்றியவை எவை?"

சுருக்கமாகச் சொன்னால், முறை மாறவே இல்லை. ஆனால் அந்த முறையின் ஒவ்வொரு படியிலும் ஒரு தொல்லை இருந்தது. அதைத் தீர்க்க வந்த கண்டுபிடிப்பு பெரும்பாலும் பக்கத்துப் படியில் வேறொரு தொல்லையைக் கிளப்பிவிட்டது. அந்தத் தொல்லைக்கு இன்னொரு தீர்வு. இப்படி ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வந்த வரலாறு இது. லேசர்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனால், மிஷினை ரிப்பேர்காரரின் கையிலிருந்து எடுத்துச் சாதாரண ஆளின் மேஜைக்குக் கொண்டுவந்தது லேசர் அல்ல, கழற்றி மாட்டும் பெட்டியான காட்ரிட்ஜ் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

செஸ்டர் கார்ல்சன் இயற்பியல் படித்தவர். நியூயார்க்கில் பி.ஆர். மாலரி என்ற கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தார். காப்புரிமை விண்ணப்பங்களுக்குப் படிகள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தன. அன்று அதற்கு இரண்டே வழி: திரும்பத் தட்டச்சு செய்வது, அல்லது போட்டோ எடுப்பது. இரண்டுமே நேரமும் பணமும் தின்பவை. ரசாயனக் கரைசல் எதுவும் இல்லாமல் ஒளியையும் மின்னேற்றத்தையும் மட்டும் வைத்துப் படி எடுக்க முடியுமா என்று அவர் தேடினார். 1938 அக்டோபர் 22 அன்று, குயின்ஸ் பகுதியின் அஸ்டோரியாவில் வாடகைக்கு எடுத்திருந்த ஓர் அறையில் அது கைகூடியது. உடனிருந்தவர் ஓட்டோ கோர்னி என்ற இயற்பியலாளர், ஐரோப்பாவிலிருந்து வந்திருந்தவர். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார்கள். அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் மையால் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து, பிரகாசமான விளக்கைச் சில விநாடிகள் காட்டினார்கள். சில்லை எடுத்துவிட்டு லைகோபோடியம் பொடியைத் தூவி, வாயால் ஊதினார்கள். ஒளி பட்ட இடத்தில் மின்னேற்றம் போய்விட்டதால், எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பொடி ஒட்டி நின்றது. மெழுகுத்தாளை அதன்மேல் அழுத்திச் சூடாக்கியதும் எழுத்து தாளுக்கு வந்துவிட்டது.

இன்று கடையில் ஓடும் எந்த மிஷினைத் திறந்தாலும் இதே வரிசைதான். டிரம் என்ற உருளையின் மேற்பரப்பில் மின்னேற்றுவது, ஒளியால் படத்தை எழுதுவது, டோனர் என்ற மைப்பொடியை ஒட்டவைப்பது, அதைத் தாளுக்கு மாற்றுவது, சூட்டால் உருக்கிப் பதியவைப்பது, அடுத்த படிக்கு டிரம்மைத் துடைத்து வைப்பது. கடைசிப் படி மட்டும் கார்ல்சனின் முதல் சோதனையில் முக்கியமாக இருக்கவில்லை. ஒரே தகட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு பெருந்தலைவலி கொடுத்தது அதுதான்.

1942-ல் மூலக் காப்புரிமை வந்தும் எந்தக் கம்பெனியும் இதைச் சீந்தவில்லை. 1944-ல் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரின் பட்டெல் ஆராய்ச்சி நிறுவனம் கையில் எடுத்தது. பின்னர் ரோச்செஸ்டர் நகரில் போட்டோத் தாள் விற்றுவந்த ஹாலாய்டு என்ற சிறு கம்பெனி சேர்ந்துகொண்டது. அதுதான் பிற்காலத்து ஜெராக்ஸ் நிறுவனம். சோதனையறை வித்தை இயந்திரமாக மாறத் தேவையான முக்கால்வாசி விஷயங்கள் பட்டெலில்தான் பிறந்தன. கந்தகத்துக்கு ஒளியை உணரும் திறன் மிகக் குறைவு. அதனிடத்தில் பலமடங்கு உணர்திறன் கொண்ட செலீனியம் வந்தது. துணியால் தேய்ப்பது ஒருநாள் நன்றாக வரும், மறுநாள் வராது. அதனிடத்தில் சில ஆயிரம் வோல்ட் பாயும் மெல்லிய கம்பியைத் தகட்டுக்கு மேலே இழுத்துச்சென்று காற்றை அயனியாக்கி மின்னேற்றும் முறை வந்தது. இன்றும் மெக்கானிக்குகள் கொரோனா வயர் என்று சொல்வது இதைத்தான். தாளின் முதுகுப்புறம் டோனருக்கு எதிரான மின்னேற்றம் கொடுத்து அதை இழுப்பதும் அங்கே வந்ததே. டோனருடன் பெரிய மணிகளைக் கலந்து உருட்டினால் உராய்விலேயே டோனர் மின்னேற்றம் பெற்றுவிடும் என்பதையும் அவர்கள் கண்டார்கள். டெவலப்பர் என்ற பெயரில் பெரிய மிஷின்களில் இன்றும் நிரப்பப்படுவது இந்த மணிகளும் டோனரும் கலந்த கலவைதான்.

இவற்றையெல்லாம் ஒரே பெட்டிக்குள் சேர்த்து, பொத்தானை அமுக்கினால் சாதாரணத் தாளில் படி வரும்படி செய்தது 1959-ல் அறிமுகமான ஜெராக்ஸ் 914. எடை சுமார் 294 கிலோ. வேகம் நிமிடத்துக்கு 7 படிகள். 9 அங்குலத்துக்கு 14 அங்குலம் வரை தாள் ஏற்கும் என்பதால் அந்தப் பெயர். விலை கொடுத்து வாங்க ஆளில்லாத அந்த மிஷினை மாதம் 95 டாலர் வாடகைக்கு விட்டார்கள். 2,000 படிகள் வரை அந்த வாடகைக்குள்ளேயே அடக்கம். ஒருவர்கூட எதிர்பாராத அளவுக்கு அலுவலகங்கள் படி எடுத்துத் தள்ளின. ஆனால் மிஷின் முரடு. உள்ளே டோனரை உருக்கும் சூட்டடுப்பில் தாள் சிக்கிக்கொண்டால் கருகும், சில சமயம் தீயே பிடிக்கும். அதற்காகவே உடன் ஒரு சிறிய தீயணைப்புக் குப்பியையும் கொடுத்தார்கள். டிரம்மைத் துடைக்க ரோமத்தாலான பிரஷ் சுழன்றுகொண்டிருக்கும். அடிக்கடி ஆள் வந்து பார்க்காமல் அது ஓடாது. அடுத்த 30 ஆண்டுக் கண்டுபிடிப்புகள் எல்லாம், ஏறக்குறைய, அப்படி ஆள் வரவேண்டிய காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கியவை என்றே நான் பார்க்கிறேன்.

டிரம்மை எடுத்துக்கொள்வோம். செலீனியம் நல்ல பொருள்தான். ஆனால் உலோக உருளையின்மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்க வேண்டும், செலவு அதிகம். சூடு ஏறினால் படிகமாகிவிடும்; அந்த இடத்தில் மின்னேற்றம் நிற்காது. சிவப்பு ஒளி அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆர்சனிக் கலந்து ஓரளவு சரிசெய்தார்கள். உண்மையான திருப்பம் கரிமப் பொருட்களால் வந்தது. 1970-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் காப்பியர், வளையக்கூடிய பிளாஸ்டிக் சுருளில் கரிம ஒளிக்கடத்தியை (ஒளி பட்டால் மின்கடத்தும் பொருளை) பூசி டிரம்மின்மேல் சுற்றியிருந்தது. அதன்பின் வந்த யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே பூச்சு எல்லா வேலையும் செய்ய வேண்டாம், இரண்டாகப் பிரித்துவிடலாம். கீழே ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான ஒரு பூச்சு. ஒளி பட்டதும் மின்துகள் இணைகளை உண்டாக்குவது மட்டும் அதன் வேலை. அதன்மேல் 20 மைக்ரான் அளவில் ஒளிபுகும் இன்னொரு பூச்சு. கீழே பிறந்த நேர்மின்துளைகளை (எலக்ட்ரான் விலகிய காலியிடங்களை) மேற்பரப்புக்குக் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் இன்றைய டிரம் இதுதான். ஒளியை உணரும் நிறமியை மட்டும் மாற்றினால் வேறு நிற ஒளிக்கு ஏற்ப டிரம்மைச் செய்துகொள்ளலாம். பின்னாளில் மலிவான லேசர் டயோடுகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், 780 நானோமீட்டரை ஒட்டி வந்தபோது, தலோசயனின் நிறமிகளை வைத்து அதற்கும் டிரம் செய்ய முடிந்தது இந்தப் பிரிவினையால்தான். விலையும் சரிந்தது, தேய்ந்தால் தூக்கிப்போடலாம் என்ற நிலை வந்தது.

இங்கேதான் பக்கத்துப் படியின் தொல்லை. மேல்பூச்சு நேர்மின்துளைகளை மட்டும்தான் கடத்தும். ஆகவே மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருந்தால்தான் அவை மேலே வந்து அதைச் சமன்செய்யும். செலீனியத்துக்கு நேர்மின்னேற்றம் போதுமாக இருந்தது. புதிய டிரம்முக்கு எதிர்மின்னேற்றம் கட்டாயமாகிவிட்டது. கொரோனா வயரில் எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் இரண்டு கேடுகள். கம்பி நெடுகச் சீராக மின்னேற்றம் இறங்காது, நடுவே கம்பிவலை ஒன்றை வைத்துச் சமாளிக்க வேண்டும். நேர்மின்னேற்றத்தைவிடப் பலமடங்கு ஓசோனும் உண்டாகும். பழைய மிஷின் ஓடும் சிறிய அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்தக் காரமான வாடை அதுதான். மிஷினுக்குள்ளேயே ஓசோன் ஃபில்டர் வைக்க வேண்டியிருந்தது, அதைக் காலத்தோடு மாற்றுபவர்கள் குறைவு.

தீர்வு மிக எளிமையாக வந்தது. கம்பியே வேண்டாம், ஓரளவு மின்கடத்தும் ரப்பர் உருளை ஒன்றை டிரம்மின்மேல் உரசியபடி சுழலவிடுவது. உருளையும் டிரம்மும் தொட்டுப் பிரியும் இடத்தில் உள்ள மிக மெல்லிய காற்றிடைவெளியில் நடக்கும் நுண்ணிய மின்னிறக்கமே டிரம்மை மின்னேற்றிவிடும். ஐந்தாறாயிரம் வோல்ட் தேவைப்பட்ட இடத்தில் ஆயிரம் இரண்டாயிரத்தில் வேலை முடிந்தது. ஒரே திசை மின்னழுத்தத்தோடு (டிசி) மாறுமின்னழுத்தத்தையும் (ஏசி) சேர்த்துக் கொடுத்தால் திட்டுத்திட்டாக இல்லாமல் சீராக ஏறும் என்பது அதன்மேல் வந்த நுட்பம். ஓசோன் மிகச் சிறு பங்காகக் குறைந்தது. 1990-களில் சிறிய லேசர் பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றில் இதுவே நிலைத்தது. கடைகளில் பி.சி.ஆர் (பிரைமரி சார்ஜ் ரோலர்) என்று சொல்லி விற்கப்படும் அந்தக் கறுப்பு ரோலருக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

டோனரை ஒட்டவைக்கும் படியில் 914 செய்தது, டெவலப்பர் மணிகளை மேலிருந்து டிரம்மின்மீது அருவிபோலக் கொட்டுவது. எழுத்துக்கு அது போதும். ஆனால் கறுப்பான பெரிய பரப்பு ஒன்றைப் படி எடுத்தால் ஓரம் மட்டும் கறுத்து நடுப்பகுதி வெளுத்துப்போகும். காரணம் மின்புலம். மின்னேற்றம் சட்டென்று மாறும் விளிம்பில்தான் அது டிரம்முக்கு வெளியே வலுவாக நீட்டிக்கொண்டிருக்கும். நடுப்பகுதியில் வெளியே எட்டிப் பார்க்காது. ஆர்.சி.ஏ கம்பெனி 1950-களில் உருவாக்கிய காந்த பிரஷ் இதைத் தீர்த்தது. உருளைக்குள் நிலைகாந்தங்கள், மேலே இரும்புத்தன்மை கொண்ட மணிகள் மயிர்க்கால்கள்போலக் குத்திட்டு நின்று டோனரைச் சுமந்தபடி டிரம்மை வருடும். மின்னழுத்தம் கொடுத்த உருளை டிரம்முக்கு வெகு அருகில் இருப்பதால் நடுப்பகுதியிலும் மின்புலம் டோனரை இழுக்கும். நல்ல கறுப்பு வந்தது. பெரிய மிஷின்களின் மாக் ரோலர் இன்றும் இதே கொள்கைதான்.

ஆனால் மணியும் டோனரும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் இது ஓடும். டோனர் குறைந்தால் வெளுக்கும், கூடினால் தாளெல்லாம் தூசி. அதைக் கண்காணிக்க உணர்கருவி வேண்டும். தேய்ந்த மணிகளை மாற்ற ஆள் வரவேண்டும். மணியே இல்லாமல் செய்தால் என்ன? டோனருக்குள்ளேயே மாக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடைக் கலந்துவிட்டால் டோனர் தானாகவே காந்த உருளையில் ஒட்டிக்கொள்ளும். கேனான் 1979-ல் என்.பி-200ஜே என்ற மிஷினில் இதை அழகாகச் செய்துகாட்டியது. உருளையும் டிரம்மும் ஒன்றையொன்று தொடுவதில்லை. மில்லிமீட்டரில் கால்பங்கு அளவே இடைவெளி. மாறுமின்னழுத்தத்தின் வீச்சில் டோனர் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்து முன்னும் பின்னுமாக ஆடி, எழுத்துள்ள இடத்தில் மட்டும் தங்கிவிடும். டெவலப்பர் பொடி, விகிதம், உணர்கருவி எல்லாம் ஒரே அடியில் போயின. இது நடந்திருக்காவிட்டால் காட்ரிட்ஜ் என்ற ஒன்று சாத்தியமே இல்லை.

துடைக்கும் படியிலும் அதே எளிமை. ரோம பிரஷும் அதன் தூசியை உறிஞ்சும் விசிறியும் பெரிய இடத்தை அடைத்தன. பாலியூரித்தேன் பிளேடு ஒன்றை டிரம்மின்மேல் சாய்வாக அழுத்தி வைத்தால் போதும் என்று ஆனபோது அந்த இடம் ஒரு விரற்கடை அளவாகச் சுருங்கியது. பிளேடுக்கு டோனரே வழுக்குப்பொடி. அதனால்தான் புது டிரம்மும் புது பிளேடும் போடும்போது அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கொஞ்சம் பொடியைத் தடவிவிடுவார். வெறும் டிரம்மில் சுழற்றினால் பிளேடு பிடித்துக்கொண்டு உள்பக்கமாக மடங்கிவிடும், டிரம்மும் கீறிப்போகும்.

இப்போது காட்ரிட்ஜ். 1970-களின் இறுதியில் கேனான், கைக்கடக்கமான ஒரு காப்பியரைச் சிறு அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் விற்க நினைத்தது. தடையாக நின்றது விலை மட்டுமல்ல. பெரிய மிஷினுக்குச் சர்வீஸ் ஆட்கள் மாதாமாதம் போகிறார்கள். ஆயிரக்கணக்கான சிறு வீடுகளுக்கு யார் போவது? எது எது அடிக்கடி கெடுகிறது என்று பார்த்தால் டிரம், அதை மின்னேற்றும் பகுதி, டெவலப்பர் பகுதி, பிளேடு. எல்லாமே டிரம்மைச் சுற்றியுள்ளவை. அவற்றையெல்லாம் டோனரோடு ஒரே பெட்டியில் அடைத்து, டோனர் தீரும்போது பெட்டியோடு மாற்றிவிட்டால்? அதற்கு டிரம் தூக்கிப்போடும் விலைக்கு வரவேண்டும். குழுத்தலைவர் ஹிரோஷி தனாகா பீர் கேன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த அலுமினியக் குவளையை இவ்வளவு மலிவாகச் செய்ய முடிகிறதே, டிரம்முக்கான அலுமினியக் குழாயை ஏன் அப்படிச் செய்ய முடியாது என்று கேட்டது ஜப்பானிய நிர்வாகவியல் பாடங்களில் பலமுறை எடுத்துச் சொல்லப்படும் நிகழ்ச்சி. 1982-ல் பி.சி-10, பி.சி-20 வந்தன. மெக்கானிக் செய்துவந்த வேலையை மிஷின் வாங்கியவரே மூடியைத் திறந்து அரை நிமிடத்தில் செய்துகொண்டார்.

இதில் பொறியியல் நுணுக்கம் ஒன்று உண்டு. டிரம் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியதும் வடிவமைப்பாளர்களின் கை அவிழ்ந்தது. டிரம்மின் விட்டத்தை 30 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர முடிந்தது. அந்த டிரம் ஒருமுறை சுற்றினால் 94 மில்லிமீட்டர். A4 தாள் ஒன்றுக்கு மூன்று சுற்றுக்கு மேல் ஆகும். அதாவது ஒரே பக்கத்துக்குள்ளேயே டிரம் மின்னேறி, எழுதப்பட்டு, துடைக்கப்பட்டு, மறுபடி மின்னேறுகிறது. தாளில் ஒரே புள்ளி 94 மில்லிமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப விழுந்தால் கோளாறு டிரம்மில் என்று ஸ்கேலை வைத்தே சொல்லிவிடலாம். பிழை எந்தத் தூரத்தில் திரும்புகிறது என்று அளப்பது, எந்த ரோலர் கெட்டது என்று கண்டுபிடிக்க இன்றும் மிக நம்பகமான வழி.

லேசருக்கு வருவோம். கேரி ஸ்டார்க்வெதர் ரோச்செஸ்டர் அருகே ஜெராக்ஸின் வெப்ஸ்டர் ஆய்வகத்தில் இருந்தவர். அசல் தாளிலிருந்து தெறிக்கும் ஒளிக்குப் பதிலாக, கணினி சொல்லும் இடத்தில் மட்டும் லேசர் கதிரால் டிரம்மில் எழுதினால் அசலே இல்லாமல் படி வருமே என்பது 1960-களின் இறுதியில் அவருக்கு வந்த யோசனை. அங்கே ஆதரவு கிடைக்கவில்லை. 1971-ல் கலிபோர்னியாவில் புதிதாகத் தொடங்கியிருந்த பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்கு மாறி, ஜெராக்ஸ் காப்பியர் ஒன்றைப் பிரித்து மாற்றி முதல் லேசர் பிரிண்டரைச் செய்துகாட்டினார். 1977-ல் ஜெராக்ஸ் 9700 நிமிடத்துக்கு 120 பக்கம் அடித்தது. அதற்கு முன்பே ஐபிஎம் தன் 3800 லேசர் பிரிண்டரைக் கொண்டுவந்துவிட்டது.

லேசரைக் கொண்டு எழுதுவதைவிடக் கடினமாக இருந்தது அதைத் தாளின் குறுக்கே ஓட்டுவது. பல முகங்கள் கொண்ட கண்ணாடிச் சக்கரம் சுழல, ஒவ்வொரு முகமும் ஒரு வரியை இழுக்கும். அந்த முகங்களில் ஒன்று இம்மியளவு சாய்ந்திருந்தாலும் வரிகளின் இடைவெளி மாறி, சாம்பல் நிறப் பரப்பில் பட்டை பட்டையாகத் தெரியும். அந்தத் துல்லியத்தோடு சக்கரம் கடைவதென்றால் விலை எட்டாது. ஸ்டார்க்வெதர் சக்கரத்தைத் திருத்தவில்லை. வழியில் ஓர் உருளை வடிவ லென்ஸை வைத்தார். முகம் சற்றுச் சாய்ந்திருந்தாலும் கதிரை அந்த லென்ஸ் அதே வரிக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். சாதாரணத் துல்லியத்தில் செய்த சக்கரமே போதுமானதாகிவிட்டது. மலிவான லேசர் பிரிண்டர் இந்த லென்ஸுக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

இன்னொரு மாற்றமும் சேர்ந்தது. பழைய காப்பியரில் வெள்ளைப் பகுதியின் ஒளி டிரம்மின் மின்னேற்றத்தை அழிக்கும். எழுத்து இருந்த இடத்தில் மிஞ்சிய மின்னேற்றத்தில் டோனர் ஒட்டும். லேசரில் தலைகீழ். டிரம் முழுக்க மைனஸ் 600, 700 வோல்ட். லேசர் பட்ட எழுத்துப் பகுதி மட்டும் மைனஸ் 100-ஐ ஒட்டி இறங்கும். எதிர்மின்னேற்றமுள்ள டோனர் அந்தப் பள்ளத்தில் போய் விழும். பக்கத்தில் எழுத்து அடைக்கும் இடம் சொற்பம் என்பதால் லேசருக்கு வேலை குறைவு. கோளாறைக் கண்டுபிடிக்கவும் இது உதவும்: பிரிண்ட் எடுத்த தாள் முழுக்கக் கறுப்பாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சார்ஜ் ரோலருக்கு மின்சாரம் போகிறதா என்பதை. முழுக்க வெள்ளையாக வந்தால் லேசர் வழியையும் டெவலப்பர் ரோலருக்கான மின்னிணைப்பையும் பார்க்க வேண்டும்.

கேனான் தன் காட்ரிட்ஜ் அமைப்பில் லேசர் டயோடைச் சேர்த்தபோது இரண்டு ஓடைகளும் கலந்தன. சி.எக்ஸ் என்ற அந்த அச்சிடும் உள்ளமைப்பை (இன்ஜின்) கொண்டு ஹெச்.பி 1984-ல் லேசர்ஜெட்டை 3,495 டாலருக்கு விற்றது: நிமிடத்துக்கு 8 பக்கம், அங்குலத்துக்கு 300 புள்ளிகள். அடுத்த ஆண்டு ஆப்பிளின் லேசர்ரைட்டரும் அதே இன்ஜினில் வந்தது. லேசர் பிரிண்டர் அதற்குமுன் பல ஆண்டுகளாக இருந்ததுதான், கணினி மையங்களில் அறையை அடைத்துக்கொண்டு. மேஜைக்கு வந்தது காட்ரிட்ஜோடு சேர்ந்த பிறகு. என் கருத்துக்கு ஆதாரம் இதுவே.

மின்சாரத்தை அதிகம் விழுங்கும் இடம், டோனரைச் சூட்டால் உருக்கிப் பதியவைக்கும் பியூசர். கதிர்வீச்சு அடுப்பு போய், உள்ளே ஹாலஜன் விளக்கு எரியும் டெஃப்லான் பூசிய ஹீட் ரோலரும் அதை அழுத்தும் ரப்பர் ரோலரும் வந்தபோது தீ பயம் நீங்கியது. ஆனால் கனமான அந்த ரோலர் 180 டிகிரிக்கு மேல் ஏற நேரம் பிடிக்கும். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு நாள் முழுக்க, யாரும் பிரிண்ட் எடுக்காதபோதும், அந்தச் சூட்டைக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் கேனான் இதை வேறு வழியில் அணுகியது. மெல்லிய பீங்கான் பட்டை ஹீட்டர்; அதைச் சுற்றித் தாளைவிட மெல்லிய பாலிஇமைடு (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) படலக் குழல். சூடாக வேண்டிய பொருளின் நிறையே கொஞ்சம்தான் என்பதால் சில விநாடிகளில் தயார். பிரிண்ட் வரும்போது மட்டும் சூடேற்றினால் போதும். சிறிய பிரிண்டர் தூங்கி எழுந்து உடனே முதல் பக்கத்தைத் தருவது இதனால்தான். விலை என்னவென்றால், அந்தப் படலம் மிக நுட்பமானது. ஸ்டேபிள் பின்னோடு ஒரு தாள் உள்ளே போனால் கிழிந்துவிடும். பேப்பர் ஜாமைக் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ கிளறி எடுக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வதன் காரணம் அதுவே.

பியூசரின் சூட்டைக் குறைக்க வேண்டுமானால் டோனர் குறைந்த சூட்டில் உருக வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட டோனர் கோடையில் பாட்டிலுக்குள்ளேயே கட்டிதட்டும். பழைய டோனர், பிளாஸ்டிக்கையும் கரியையும் உருக்கிப் பிசைந்து, ஆறவைத்து, காற்றடித்து நொறுக்கிச் சலித்தது. துகள்கள் 10 மைக்ரானை ஒட்டி, உடைந்த கல்போல ஒழுங்கற்றவை. புதிய வழியில் டோனர் துகளைத் திரவத்துக்குள் ரசாயன முறையில் வளர்க்கிறார்கள். 5, 6 மைக்ரான் அளவில், ஏறக்குறைய ஒரே உருவில் வருகிறது. உள்ளே மெழுகும் எளிதில் உருகும் பிசினும், வெளியே கெட்டியான தோலுமாக அமைக்கலாம். ஹீட் ரோலருக்குச் சிலிக்கோன் எண்ணெய் தடவும் தொல்லை அந்த மெழுகால் ஒழிந்தது. எழுத்தின் விளிம்பும் கூர்மையானது. ஆனால் மிக உருண்டையான டோனர் பிளேடுக்கு அடியில் உருண்டு நழுவிவிடும், டிரம் சுத்தமாகாது. ஆகவே வேண்டுமென்றே சற்றுக் கோணலாக வளர்க்கிறார்கள். துடைக்கும் படியின் தேவை, டோனரின் உருவத்தையே தீர்மானிக்கிறது.

கலர் மிஷின்களில் நான்கு டிரம்கள் வரிசையாக நின்று ஒரே பெல்ட்டின்மேல் மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்பு என அடுக்குகின்றன. அங்குலத்துக்கு 600 புள்ளி அடிக்கும் மிஷினில் ஒரு புள்ளி 42 மைக்ரான். நான்கு நிறமும் அந்த அளவை ஒட்டிப் பொருந்த வேண்டும். சூட்டில் உதிரிகள் விரிவதே அதைக் கலைத்துவிடும். மிஷின் அவ்வப்போது நின்று தானாக ஏதோ செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பெல்ட்டில் சிறு அடையாளக் கோடுகளை அச்சிட்டு, உணர்கருவியால் படித்து, நகர்ந்த அளவைக் கணக்கிட்டு லேசரின் நேரத்தைத் திருத்துகிறது. நடுவில் அணைத்துவிடாமல் முடிக்க விடுங்கள்.

நம் ஊரில் இந்த மிஷின்களுக்குப் பெரிய எதிரி ஈரப்பதம். சென்னையிலும் கடற்கரை ஊர்களிலும் மழைமாதத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி ஓரளவு மின்கடத்தியாகிவிடுகிறது. முதுகுப்புறம் கொடுத்த மின்னேற்றம் தாள் வழியே கசிந்துபோனால் டோனர் முழுதாக ஏறாது. எழுத்து மங்கலாக வரும், டோனரை மாற்றினாலும் சரியாகாது. அமார்ஃபஸ் சிலிக்கான் (படிக ஒழுங்கில்லாத சிலிக்கான்) பூசிய டிரம் உள்ள மிஷின்கள் ஒரு தனிக்கதை. அந்த டிரம் மிகக் கடினமானது, லட்சக்கணக்கில் படி எடுத்தாலும் தேயாது. தேயாததாலேயே மின்னேற்றத்தின்போது படியும் ரசாயனப் படலமும் எளிதில் போகாது. அந்தப் படலம் ஈரத்தை இழுத்து எழுத்தைக் கலங்கடிக்கும். அதற்காகவே பலவற்றில் டிரம்முக்குள் சிறு ஹீட்டர் உண்டு. இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிடும் கடைகளில், மழைநாள் காலையின் முதல் சில படிகள் கலங்கி வருவதற்கு இது ஒரு காரணம். தாள் கட்டைப் பிரித்து வெளியே வைக்காமல் உறையிலேயே வைப்பதும், ஹீட்டர் சுவிட்சை அணைக்காமல் விடுவதும் பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

காப்பியர் டிஜிட்டல் ஆனதும், ஒருமுறை ஸ்கேன் செய்து நினைவில் வைத்துக்கொண்டு எத்தனை படி வேண்டுமானாலும் அடிக்க முடிந்தது. அசலைத் திரும்பத் திரும்பச் சுற்றவைத்த சிக்கலான ஃபீடர்கள் தேவையற்றுப் போயின. கூடவே, அதுவரை இல்லாத வகைப் பிழை ஒன்றும் நுழைந்தது. 2013-ல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் வொர்க்சென்டர் மிஷின்கள் சிலவற்றில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் எண்களே மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். கோப்பின் அளவைக் குறைக்க, ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே படத்தைப் பயன்படுத்தும் சுருக்கமுறை, 6-ஐ 8 என்று எண்ணி மாற்றிவிட்டது. நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. பழைய மிஷினில் எழுத்து மங்கினால் கண்ணுக்குத் தெரியும். இதில் தெளிவான, ஆனால் தவறான எண் வந்தது. கணக்கு, மருந்தளவு, நிலஅளவு ஆவணங்களை ஸ்கேன் செய்பவர்கள் அதிகச் சுருக்க அமைப்பைத் தவிர்ப்பது நல்லது.

கடைசியாக, காப்புரிமை பற்றிக் கேட்டதால் ஒன்று. கார்ல்சன் காலத்தில் காப்புரிமை, படி எடுக்கும் முறையைக் காத்தது; காட்ரிட்ஜ் வந்தபிறகு அது உதிரி விற்பனையைக் காக்கும் வேலியாகவும் ஆனது. தீர்ந்த காட்ரிட்ஜை ரீஃபில் செய்து விற்பவர்கள்மீது பிரிண்டர் கம்பெனியான லெக்ஸ்மார்க் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. கம்பெனி ஒரு காட்ரிட்ஜை விற்றுவிட்டால், வெளிநாட்டில் விற்றிருந்தாலும் சரி, அதன்மேல் அதற்குள்ள காப்புரிமை உரிமை தீர்ந்துவிடுகிறது என்பது தீர்ப்பு. ரீஃபில் தொழில் மூச்சுவிட்டது. ஆனால் காட்ரிட்ஜில் பொருத்தப்படும், பக்கங்களை எண்ணும் சிப்புகளை அது தொடவில்லை. நல்ல டிரம்மும் நல்ல பிளேடும் உள்ள காட்ரிட்ஜை, சிப் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்பதற்காக மிஷின் ஏற்க மறுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆகவே பிரிண்டர் வாங்கும்போது வேகத்தையும் விலையையும் மட்டும் பார்க்காதீர்கள். அதன் டிரம் தனியாகக் கிடைக்குமா, டோனரைத் தனியாக நிரப்ப முடியுமா, பியூசரை மாற்ற என்ன ஆகும் என்று மூன்றையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.